கண்டக்டருக்கு மருத்துவ விடுப்பு

என் மனைவி பள்ளியில் வேதியியல் நடத்தியவள். ஓய்வு பெற்றதும் பேய்களிடம் போய்ச் சேர்ந்தாள்.

திருநகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வாசகர் வட்டம் கூடுகிறது. பெரும்பாலும் ஓய்வு பெற்ற பெண்கள். வாசலில் நின்று பார்த்தால் விளக்குப் பூஜைக்கு வந்தவர்கள் போல இருப்பார்கள். உள்ளே பேச்செல்லாம் சாபம், ரத்தம், யாருடைய தலை எந்தப் பாகத்தில் போனது என்பதுதான். வருஷத்துக்கு ஒருமுறை வாசிப்பு மாரத்தான் என்று ஒன்று நடத்துவார்கள். ஒரு பேய்க்கதைத் தொடரின் எல்லாப் பாகங்களையும் இரண்டு வாரத்துக்குள் படித்துவிட்டுக் கடைசி ஞாயிற்றுக்கிழமை விமர்சனம் செய்ய வேண்டும். இரண்டாம் பாகம் எப்போதும் என் மனைவியின் பொறுப்பு. முதல் பாகத்தை யாரும் எழுதிவிடலாம், இரண்டாம் பாகத்தில்தான் சாயம் வெளுக்கும் என்பது அவள் சித்தாந்தம். பத்துக்கு மார்க் போடுவாள். ஐந்து வாங்கிய சந்தோஷத்தில் எழுத்தாளர் ஒருவர் வட்டத்துக்கு அல்வா வாங்கி வந்தார்.

நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பேய்க்கதை படிப்பதில்லை. பயம் என்பாள் அவள். நடைமுறைப் பிழைகள் பொறுக்கவில்லை என்பேன் நான். நூறு வருஷமாகப் பேய் குடியிருக்கும் பங்களாவை ஒருவன் வில்லங்கச் சான்றுகூடப் பார்க்காமல் வாங்குகிறான். அவனைப் பேய் பிடிக்காமல் வேறு யாரைப் பிடிக்கும்?

இந்த முறை எடுத்துக்கொண்ட தொடரை எழுதியவர் ஆனையூர்ப் பெண், வங்கியில் வேலை. அவர் கதையில், ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் இருந்து கடைசி பஸ் போன பிறகு இன்னொரு பஸ் புறப்படுகிறது. அதற்கு ஊர்ப்பலகை கிடையாது. ஏறுவதெல்லாம் செத்தவர்கள். டிரைவரும் கண்டக்டரும் மட்டும் உயிரோடு இருப்பவர்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருட்டுக்கென்றே ஒரு ராஜ்யம் இருக்கிறது, அங்கே கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும். டிரைவருக்குக் கை நடுங்கும். கண்டக்டருக்கு எதுவும் நடுங்காது. தலையில்லாமல் ஏறியவனிடமும், "செத்தா மட்டும் ஓசியாண்ணே? டிக்கெட்ட எடு" என்பான். என் மனைவிக்கு அவன் மேல் அப்படி ஒரு பிரியம். முதல் பாகத்தில் யாரோ அவன் தோல்பையைக் கிழித்ததற்கே கண்ணீர் விட்டாள். நான் இரண்டாவது காப்பி கேட்டால், "ஓசியாண்ணே?" என்று கேட்கவும் ஆரம்பித்திருந்தாள்.

வட்டத்தின் தலைவி ஒரு முன்னாள் தலைமையாசிரியை. அவர் ஒரு செய்தி சொல்லியிருந்தார். இரண்டாம் பாகத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையாம். முதல் பாகத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய இந்த வட்டமும் உதட்டைப் பிதுக்கினால், மூன்றாம் பாகம் எழுதப்போவதில்லை என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறாராம்.

"பாவம்தான். அதுக்காக மார்க்கக் கூட்டிப் போட முடியுமா?" என்றாள் மனைவி.

இந்த நேரத்தில் அவளுடைய வலது கண்ணுக்குப் புரை அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கிடைத்தது. இடது கண் அடுத்த மாதம். அதில் எழுத்தெல்லாம் எறும்பாகத்தான் தெரியும். முதல் பாகத்தை முடித்திருந்தாள், இரண்டாம் பாகம் பிரிக்காமல் இருந்தது. நான் வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். வாசிக்கக் கேட்பது மாரத்தான் விதிப்படி வாசிப்பாகுமா என்ற கேள்வி எழுந்தது. நானே வாட்ஸ்அப்பில் தலைவியிடம் தெளிவுரை கோரினேன். ஒரு வரிகூட விடாமல், மாற்றாமல் வாசிப்பதாக வாசிப்பவர் உறுதி அளித்தால் ஆகும் என்று பதில் வந்தது. உறுதி அளித்தேன். பணிக்காலம் முழுவதும் பிறரிடம் உறுதிமொழி வாங்கியவன். கொடுத்துப் பழக்கமில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் விதிமுறைகளைச் சொன்னார். "தலைக்கு ஊத்தக் கூடாது, குனியக் கூடாது, கண்ணக் கசக்கக் கூடாது. முக்கியமா அழக்கூடாது பாட்டி."

"பாட்டியா? உனக்கு எம்புட்டு வயசு இருக்கும்?" என்றாள் மனைவி, கட்டுப் போட்ட கண்ணோடு.

வாசிப்பு தொடங்கியது. அவள் கறுப்புக் கண்ணாடியோடு சாய்வு நாற்காலியில், நான் எதிரே. முதல் பக்கத்திலேயே ஆட்சேபணை வந்தது.

"ஏங்க, பேய் வருது. பட்டா மாறுதல் ஆணை வாசிக்கிற மாதிரி வாசிக்கிறீங்களே."

"பேய் வந்தா அதுபாட்டுக்கு வரட்டும். நான் எதுக்குக் கத்தணும்?"

ஆறு அத்தியாயம் ஒழுங்காகப் போனது. எந்தக் கோப்பைக் கையில் வாங்கினாலும் கடைசிப் பத்தியை முதலில் பார்ப்பது என் வழக்கம். ஏழாம் அத்தியாயத்தின் கடைசிப் பத்தியில் கண்டக்டர் செத்துக் கிடந்தான். பாலத்தில் பஸ்ஸை மறித்த ராஜ்யத்துக் காவலர்களிடம் டிக்கெட் கேட்டிருக்கிறான். கழுத்தில் தொங்கிய விசிலோடு சேர்த்து அடித்துவிட்டார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன். "அந்த ஆளுக்கு மட்டும் ஏதாச்சும் ஆகட்டும், ஞாயித்துக்கிழமை அந்தப் புள்ளைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் அப்போதே கரகரத்தது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அன்றுதான் கட்டுப் பிரித்த கண்.

எனக்கு யோசிக்க அவகாசம் இல்லை. கண்டக்டருக்குக் கால் எலும்பு முறிந்தது என்று வாசித்தேன்.

"கால்தானே, அம்புட்டுத்தானே?" என்று பெருமூச்சு விட்டாள்.

செத்தவனை உயிரோடு வைத்துக்கொள்வது எவ்வளவு வேலை என்பது எட்டாம் அத்தியாயத்தில்தான் தெரிந்தது. அந்த அத்தியாயமே இறுதிச் சடங்கு. ஆரப்பாளையத்தில் டிரைவர்களும் கண்டக்டர்களும் கூடி நின்று அழுகிறார்கள். அதை நான் பாராட்டு விழா ஆக்கினேன். மலர்வளையத்தைச் சால்வையாக மாற்றினேன், ஒப்பாரியை வாழ்த்துரை ஆக்கினேன், சங்கு ஊதுகிற இடத்தில் மைக் கூவியது. அவன் மனைவி தாலியைப் பிடித்துக்கொண்டு அலறும் இடத்தில் மட்டும் திணறிப்போய், "நகை அடகில் இருக்கிறது" என்று வாசித்தேன்.

பிறகு அவன் எங்கே என்ற கேள்வி வந்தது. முழுச் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பில் அனுப்பினேன். புத்தகத்தில் டிரைவர் தனியாக பஸ்ஸை எடுக்கிறார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறந்தவனின் விசிலைத் தானே ஊதிக்கொள்கிறார். அந்தப் பக்கங்களை வாசிக்கையில் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனால் கண்டக்டர் விடுப்பில் இருக்கும்போது டிரைவர் ஏன் கண் கலங்க வேண்டும்? ஆள் பற்றாக்குறையால் என்று வாசித்தேன். நடுநடுவே கண்டக்டரைப் பேச வைக்கவும் வேண்டியிருந்தது. டெலிபோனில் பேச வைத்தேன்.

கடைசி அத்தியாயம்தான் என்னைக் கவிழ்த்தது. செத்தவர்கள் வரிசையில் கண்டக்டரே வந்து பஸ்ஸில் ஏறுகிறான். கை நடுங்கும் அந்த டிரைவர் எழுந்து வந்து, நடுங்காமல், "செத்தா மட்டும் ஓசியாண்ணே?" என்கிறார். அதோடு நாவல் முடிகிறது. என் பிரதியிலோ கண்டக்டர் உயிரோடு, குணமாகி வருகிறான். அவனிடம் எதற்காக டிக்கெட் கேட்பது? "ஊழியர் பாஸ் இருக்கிறது" என்று சொல்லவைத்துப் புத்தகத்தை மூடினேன்.

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இதுக்கா இந்தப் பொண்ணு இத்தன பக்கம் எழுதுச்சு?" என்றாள். "பேனாவ எடுங்க."

அவள் சொல்லச் சொல்ல விமர்சனத்தை நான்தான் எழுதினேன். ஏழாம் அத்தியாயம் வரை உயிர்த்துடிப்போடு போகும் நாவல், அதன் பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறது. முதல் பாகத்தில் பிசாசையே அதட்டிய கண்டக்டர், எட்டாம் அத்தியாயத்தில் இருந்து "மேற்படி பயணி", "மேற்காண் பொருள் தொடர்பாக" என்று பேசுகிறான். அவனைச் சாகவிடாமலே கொன்றுவிட்டார் ஆசிரியர். பத்துக்கு ஒன்றரை.

"ஒன்றரை குறைவில்லையா?" என்று கேட்டேன்.

"அந்த அரையே ஏழு அத்தியாயத்துக்குப் பாவப்பட்டுப் போட்டது. ஏன், உங்களுக்கு என்ன வந்துச்சு?"

எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆனையூரில் ஒரு பெண்ணுக்குத்தான் வரப்போகிறது. பணியில் இருந்தபோது என் பெயரில் வந்த குறிப்பாணைகள் எல்லாவற்றுக்கும் விளக்கம் கொடுத்துத் தப்பித்திருக்கிறேன். தண்டனை வேறொருவருக்குப் போகும்போது விளக்கத்தை எங்கே கொடுப்பது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் மறுபரிசோதனை. கண் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். வெளியே அதே நர்ஸ் சொட்டு மருந்துச் சீட்டோடு நின்றார். நான் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டேன்.

"சிஸ்டர், இனி இவங்க அழலாமா?"

நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்கு சார் அழ வைக்கப் போறீங்க?"

"பொதுவாக் கேட்டேன். விதி என்னன்னு."

"கண்ணீர் வந்தா வரட்டும். கசக்காம, சுத்தமான பஞ்சால கன்னத்தோட ஒத்தி எடுக்கணும். அம்புட்டுத்தான்."

பக்கத்தில் நின்ற என் மனைவி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஏங்க, யாரு செத்தா?"

நர்ஸ் பதறிப்போய், "உக்காருங்கம்மா, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"கண்டக்டர்" என்றேன்.

"எப்ப?"

"ஏழாவது அத்தியாயத்துல."

அவள் உட்கார்ந்தாள். "அப்ப அந்தப் பாராட்டு விழா?"

"எழவு வீடு."

"அந்த அடகு நகை?"

"தாலி."

"அடப்பாவி மனுஷா" என்றாள். நர்ஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கட்டுப் பஞ்சு கொடுத்தார்.

ஆட்டோவில் திருநகர் வந்து சேர்ந்தோம். வந்ததும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து மடியில் பஞ்சை வைத்துக்கொண்டு, "ஏழாவதுல இருந்து. ஒரு வரி மாறக் கூடாது" என்றாள்.

வாசித்தேன். பாலத்தில் அடித்தபோது ஒரு பஞ்சு, தாலிக்கு இரண்டு. டிரைவர் தனியாக விசில் ஊதிய இடத்தில் நானும் நிறுத்தித் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. கடைசி வரியைச் சொல்லி முடித்ததும், "இப்பத்தான் பட்டா மாதிரி இல்ல" என்றாள். பிறகு என் கையாலேயே பழைய விமர்சனத்தைக் கிழிக்கச் சொன்னாள்.

மறுநாள் கூட்டத்தில் ஆனையூர்ப் பெண் முன்வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் மனைவி எழுந்து, இந்த நூலுக்கு இரண்டு பிரதிகள் உண்டு, ஒன்றை ஆசிரியரும் மற்றொன்றை என் வீட்டுக்காரரும் இயற்றினார்கள் என்று ஆரம்பித்தாள். பாராட்டு விழாவில் இருந்து ஊழியர் பாஸ் வரை ஒன்றையும் விடவில்லை. விளக்குப் பூஜைக் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கடைசியில்தான் குரலை இறக்கினாள்.

"இந்த ஆளு சாகலைன்னா இந்தக் கதை என்ன ஆகும்னு நான் முழுசாக் கேட்டுட்டேன். அதனால சொல்றேன், அவன் செத்தது சரி. எனக்குப் பிடிக்கல. ஆனா சரி. பத்துக்கு எட்டு."

எட்டு என்பது அந்த வட்டம் கேட்டறியாத மார்க். தலைவி என் பக்கம் திரும்பி, "சார், நீங்க குடுத்த உறுதிமொழி என்ன ஆச்சு?" என்றார். மருத்துவக் காரணம் என்றேன்.

கூட்டம் முடிந்து சுண்டல் கொடுக்கும்போது அந்தப் பெண் என்னிடம் வந்தார். கைப்பை இப்போது தோளில் தொங்கியது. "சார், தப்பா நினைக்கலைன்னா, மூணாம் பாகத்துல 'மேற்படி'ன்னு பேசுற ஒரு ரெவின்யூ ஆபீசரைக் கொண்டு வரலாமா?"

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி சொன்னாள்.

"தாராளமா வையும்மா. ஏழாவது அத்தியாயத்துல கொன்னுரு."

ஆட்சேபணை இல்லை என்று நானும் சொல்லிவிட்டேன்.