பாதாம் மரத்து அம்மன்

மும்பை கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் குவித்திருக்கும் பழைய புத்தகங்களிலிருந்து மாமா எனக்கு ஒரு படக்கதை வாங்கி வந்தார். அக்கினியின் பசிக்காகக் காண்டவ வனத்தை எரித்த பாரதக் கதை. அதிலிருந்த இங்கிலீஷை எங்கள் வீட்டில் யாரும் சட்டை செய்யவில்லை. படமே போதுமானதாக இருந்தது. வரைந்தவருக்கு வீரர்கள்மேல் அவ்வளவு மரியாதை இல்லை போலும். வில்லோடு நின்றவர்களைக் கட்டைவிரல் அளவில் ஒரு மூலையில் நிறுத்திவிட்டு, பக்கம் முழுக்க மான்களையும் பாம்புகளையும் பறக்கத் தெரியாத நான்கு குஞ்சுகளையும் வரைந்திருந்தார்.

தாராவியில் எங்கள் வீட்டுப் பரணில் படுத்துக்கொண்டுதான் அதைப் பார்ப்பேன். ஜன்னலை ஒட்டி ஒரு பாதாம் மரம். மதிய வெயில் அதன் அகன்ற இலைகளின் வழியே இறங்கி, புத்தகத்தின்மேல் பச்சையாக அசையும். படத்துக் காடு எங்கே முடிகிறது, எங்கள் சந்து எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் கண் சொக்கிப்போகும். மரத்தில் ஒரு காக்கைக் கூடு. அதிலும் குஞ்சுகள் இருந்தன.

சாக்கடையை அகலப்படுத்த மரத்தை வெட்டப்போவதாகச் சொல்லி, முனிசிபாலிட்டி ஆட்கள் அடிமரத்தில் சிவப்பு எண் போட்டுப் போனார்கள். நான் சாப்பிட மறுத்து அழுதேன். பட்டறையில் தோல்பை தைக்கும் மாமாவுக்கு என் அழுகையைத் தாங்கும் சக்தி கிடையாது.

"டென்ஷன் எடுக்காதட்டி. நாளைக்கு எவன் கை வைக்கான்னு பாப்போம்."

விடிவதற்குள் மரத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புச் சேலை சுற்றிவிட்டார். ஊரில் அம்மன் வேம்பில் குடியிருப்பாள். தாராவி இடநெருக்கடியில் பாதாமில் ஒண்டிக்கொண்டாள். ரம்பத்தோடு வந்தவர்களில் மூத்தவர் செருப்பைக் கழற்றினார். "தேவி ஆஹே" என்று மராத்தியில் முணுமுணுத்துக் கும்பிட்டுவிட்டு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

விளையாட்டு மாமாவின் கையை மீறிப் போயிற்று. சந்துப் பெண்கள் பொங்கல் வைத்தார்கள். வேண்டுதல் பலித்த ஒருவர் அடிமரத்தைச் சுற்றி சிமெண்டு மேடை கட்டிக்கொடுத்தார். இன்னொருவர் அதன்மேல் பளபளவென்று டைல்ஸ் பதித்தார். காக்கைக் குஞ்சுகள் பறந்துபோன பிறகு, அம்மனுக்குப் போட்ட தகரக் கூரைக்கு இடைஞ்சலான கிளைகளையும் கழித்துவிட்டார்கள். வேருக்குத் தண்ணீர் இறங்க விரலளவு மண்கூட மிச்சமில்லை.

"மூச்சு முட்டுதுலே அதுக்கு" என்றாள் அம்மா, மாமாவிடம்.

"அம்மன் மேடைய இடிங்கன்னு எந்த வாயால சொல்லுவேன்க்கா?"

அந்த மழைக்காலத்தில், ஊரே பச்சையாக இருந்தபோது, எங்கள் மரம் மட்டும் இலைகளை உதிர்த்துக்கொண்டே இருந்தது. காப்பாற்றியதற்காக அம்மன் எனக்கென்றே அனுப்பும் பிரசாதம் என்று நினைத்தேன். ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றி, மடி நிறைய அள்ளிக்கொண்டுபோய் மாமாவிடம் காட்டினேன். அவர் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று எனக்குப் புரியவில்லை.