பெல் இல்லாத சைக்கிள்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன். அதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது, அன்றைக்கும் இல்லை. அஞ்சாவதுதான் படித்தேன், நாலு பேர் முன்னால் பேசவே கூச்சம். நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்றும் தெரியும், ஆனாலும் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் பெருகிக்கொண்டிருந்த காலம். எங்கள் சேரி ஆட்களுக்கு அங்கே வேலை கிடைத்தது, போய்வர சைக்கிள் கிடைக்கவில்லை. ஊருக்குள் இருந்த கடையில் எங்களுக்கு வாடகைக்குத் தர மாட்டார்கள். அதனால் என் வீட்டுக்காரர் பழைய சைக்கிள்களை வாங்கிச் சீர்பண்ணி, சேரி முகப்பில் வாடகைக் கடை போட்டார். ஊர்த்தெருவில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், பெல் சத்தம் கேட்கவே கூடாது, மீறினால் கடை இருக்காது என்று ஊரார் சொல்லிவிட்டார்கள். அவர் பெல்லையெல்லாம் கழற்றி ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்தார்.

ஒரு நாள் பொழுது சாயும்போது எங்கள் மகள் செல்வியைப் பாம்பு கடித்துவிட்டது. சின்னக் குழந்தை, கண் செருகிவிட்டது. ஆஸ்பத்திரி திருப்பூரில், வழி ஊர்த்தெரு ஒன்றுதான். அவர் கடை சைக்கிள் ஒன்றை எடுத்தார், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நான் கேரியரில் உட்கார்ந்தேன். தெருமுனை வந்ததும் பழக்கத்தில் இறங்கப் போனேன்.

"எறங்காத பொன்னி. தள்ளீட்டுப் போனாக் கொழந்தை பொழைக்காது."

"ஏனுங்க, அப்பறம் கடை?"

"போனாப் போகுது. கெட்டியாப் புடிச்சுக்க."

மிதித்தார். அந்த நேரத்துக்கு வாசலுக்கு வாசல் ஆண்கள் கட்டில் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்கு, சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு ஆள் இல்லை. கட்டில்கள் காலி, ஒரு கட்டிலடியில் பீடி புகைந்துகொண்டிருந்தது, கதவெல்லாம் சாத்தியிருந்தது. எங்கள் செயின் கிறீச்சிட்டதைத் தவிர வேறு சத்தமே இல்லை.

டாக்டர் ஊசி போட்டார். விடியும்போது செல்வி கண் திறந்தாள். எனக்கும் அப்போதுதான் உயிர் வந்தது.

ஊர் திரும்பினால் கடை அப்படியே இருந்தது. ஊர்த்தெருவில் நான் சாணி அள்ளப் போகும் வீட்டு எசமானி, பண்ணாடிச்சி என்போம், என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி பொன்னி, அன்னைக்கி அந்தியில அத்தன பேரு எங்கடி போனீங்க? நூறு சைக்கிள் பெல்லு ஒண்ணா அடிச்சாப்பல! எங்கூட்டு ஆம்பளைகளே பயந்துபோய்க் கதவச் சாத்தீட்டாங்க."

"ஒரே சைக்கிள்தானுங்க போச்சு. அதுல பெல்லும் இல்லீங்க."

"போடி, எங்காதென்ன செவுடா?"

வீட்டுக்கு ஓடிவந்து டப்பாவைத் திறந்தேன். பெல்லெல்லாம் துருப்பிடித்து உள்ளேயே கிடந்தன. அதற்கப்புறம் எங்கள் ஆட்களை அந்தத் தெருவில் யாரும் இறங்கச் சொல்லவில்லை. கடை நன்றாக ஓடியது. செல்வி இன்று வீரபாண்டியில் பேரன் பேத்தியோடு நன்றாக இருக்கிறாள், அது போதும் எனக்கு.

ஒன்றுதான் மனசை விட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் கண் திறந்ததுமே செல்வி கேட்டாள், "அப்பா, நம்ம கூடவே பெல்லடிச்சுட்டு வந்தவங்கெல்லாம் வெளியவா நிக்கறாங்க?"

அவர் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தார். என்ன பார்த்தார் என்று சாகிற வரைக்கும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் உள்ளே வருவதற்கு முன்னால், வெளியே பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். அதை நான் பார்த்தேன்.