நிறம் மாறவில்லை என்று சொன்னேன்

எனக்குச் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே நிறம்தான். பிறவியிலேயே அப்படி. இதை வாழ்நாள் முழுவதும் மறைத்தேன். மறைத்ததால் எனக்கு மட்டும் இழப்பு என்றால் இதை எழுத வேண்டியதில்லை. இழந்தது என் மகள். அவள் இரண்டு வருடம் உழைத்துச் செய்த ஒரு பொருளை, அது வேலைக்கு ஆகாது என்று அவளே நம்பும்படி செய்துவிட்டேன்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன். அதிலும் ஒளியியல். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். முப்பது வருடமும் பயந்துகொண்டேதான் பாடம் எடுத்தேன். நிறமாலையில் எந்தக் கோட்டுக்குப் பிறகு எந்தக் கோடு வரும் என்ற வரிசை எனக்கு மனப்பாடம். கோட்டைப் பார்க்காமலே அதன் பெயரைச் சொல்லிவிடுவேன். மின்தடைகளில் இருக்கும் நிற வளையங்களை மாணவர்களை விட்டே வாசிக்கச் சொல்வேன். "நீங்களே வாசிச்சாத்தான் மனசுல நிக்கும்" என்பேன். பிள்ளைகளை யோசிக்கவைக்கும் ஆசிரியர் என்று அதற்காக எனக்கு நல்ல பெயர்கூடக் கிடைத்தது.

கல்லூரிக்கு வருவதற்கு முன்னால் ரயில்வே வேலைக்கு எழுதித் தேறியிருந்தேன். மருத்துவப் பரிசோதனையில் ஒரு புத்தகத்தை விரித்தார்கள். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள். உள்ளே என்ன எண் தெரிகிறது என்று மருத்துவர் கேட்டார். எண்ணே இல்லையே என்றேன். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அதிலும் இல்லை என்றேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வடக்கே எங்கேயோ தூக்கிப் போடுவார்களாம், அதனால் வேண்டாம் என்று வந்துவிட்டேன் என வீட்டில் சொன்னேன். அன்றைக்குத் தொடங்கிய பழக்கம் அது.

என் மனைவிக்கு மட்டும் தெரியும். கல்யாணமான முதல் மாதமே தக்காளி வாங்கி வந்த லட்சணத்தில் கண்டுபிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு சட்டையை அவள்தான் எடுத்துவைப்பாள். சாப்பிட உட்கார்ந்தால், "மிளகா இடப்பக்கம் கெடக்கு" என்று யாருக்கும் புரியாதபடி சொல்லிவிட்டுப் போவாள். "பிள்ளைக்காவது சொல்லலாம்லா?" என்று ஒருமுறை கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் போய்ச் சேர்ந்த பிறகு நான் தக்காளியை அமுக்கிப் பார்த்தும் வாழைப்பழத்தை முகர்ந்து பார்த்தும் வாங்கக் கற்றுக்கொண்டேன். உடுப்பது எல்லாம் வெள்ளை என்றாகிவிட்டது.

மகள் பெங்களூரில் கணினிகளுக்கு வெளிப்பெட்டி வடிவமைக்கும் வேலையில் இருந்தாள். ஊரடங்கு வந்து, எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள் என்று அலுவலகம் சொன்னபோது, தென்காசி பக்கம் குத்துக்கல்வலசையில் நான் தனியாக இருந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். மாடி அறையை எடுத்துக்கொண்டாள். ஒரு வாரத்தில் அந்த அறை மின்சாமான் கடை மாதிரி ஆகிவிட்டது. எல்.இ.டி. பட்டைகள், வெப்பத்தை அளக்கும் சின்னச் சின்ன சென்சார்கள், பாலாடை போல வெளுத்த பிளாஸ்டிக் தகடுகள். அவள் திரையில் ஓடிய படங்களில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் விளக்குகள் ஓடி ஓடி நிறம் மாறின. எனக்கு அது நிறமாகத் தெரியாது, ஓட்டமாகத்தான் தெரியும்.

"கோயில் கொடைக்கு சீரியல் செட் போட்ட மாதிரி மினுக்குதே. இதுக்காட்டி இஞ்சினியரிங் படிச்ச?" என்றேன்.

"அது மத்தவங்க செய்யுததுப்பா. நான் செய்யுதது மினுக்காது."

"பின்ன?"

"இனிமே வரப்போற கம்ப்யூட்டர்ல ஃபேன் சத்தமே இருக்காது. சத்தம் இல்லன்னா உள்ள என்ன நடக்குன்னு யாருக்குத் தெரியும்? அப்ப பெட்டிதான சொல்லணும். அடுப்புத் தணலப் பாத்தா தொடாமலே சூடு தெரியுதுல்லா? அப்படி."

எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று அவளிடம் சொல்லவில்லை.

அவள் செய்த பெட்டி அரிசி டின் உயரம் இருக்கும். விளக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பெட்டியின் மேல்தோலே ஒளிரும். உள்ளே சூடு ஏற ஏறத் தோலின் நிறம் மெதுவாக மாறும். கண்ணை உறுத்தக் கூடாது என்பதற்காக வெளிச்சத்தின் அளவைக் கொஞ்சமும் கூடாமல் குறையாமல் வைத்திருந்தாள். மாறுவது நிறம் மட்டும். அதைச் செய்வதற்குத்தான் இரண்டு வருடம் ஆனது என்றாள்.

அலுவலகத்தில் இரண்டு மாதிரிகள் போட்டியில் இருந்தன. ஒன்று ஒரு சக ஊழியருடைய வானவில் பெட்டி, மற்றது இவளுடையது. எதை அடுத்த கட்டத்துக்கு அனுப்புவது என்று அந்த மாதக் கடைசியில் முடிவு செய்வார்கள். பெட்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர் அதைப் பார்த்து, சூடாகிறது என்று தானாக உணர வேண்டும். அதற்கான சோதனையை அவள் எழுதி அனுப்ப வேண்டும். யாரும் யார் வீட்டுக்கும் போகாத காலம். வீடியோவில் காட்டினால் கேமரா நிறத்தை மாற்றிவிடும். வீட்டில் இருந்த இன்னொரு ஜோடிக் கண் என்னுடையது.

"எப்பா, நீங்க ஒண்ணும் செய்யாண்டாம். இங்கன உக்காந்து பாருங்க. சூடாகுதுன்னு எப்பத் தோணுதோ அப்ப கையத் தூக்குங்க."

"எப்படி மாறும்?"

"அதச் சொன்னா சோதனையா? நீங்கதான் வாத்தியாரு."

காலை பத்து மணிக்கு ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தோம். பெட்டி காய்ந்த வைக்கோல் நிறத்தில் ஒளிர்ந்தது. ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. அதே வைக்கோல். அவள் எனக்குப் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தாள். என்ன நடக்கிறது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. பச்சையிலிருந்து சிவப்புக்குப் போகிறது. என் கண்ணுக்கு இல்லாத அந்த ஒரு வழியில்தான் போகிறது.

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் ஏமாற்றப் பார்த்தேன். சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டினேன், வரவில்லை. அனல் அடிக்கிறதா என்று முகத்தை முன்னால் கொண்டுபோனேன். "தள்ளி உக்காருங்கப்பா" என்றாள். ஒரு யூகத்தில் கையைத் தூக்கினேன். "இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே" என்று சிரித்தாள். அடுத்த முறை கையைத் தூக்கவே இல்லை. மூன்று நாள் இப்படி நடந்தது. மூன்றாம் நாள் அவள் சிரிக்கவில்லை.

"உண்மையிலேயே ஒண்ணும் மாறலியாப்பா?"

"மாறல."

நோட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள்: "எப்பா, கோவப்படாதீங்க. உங்களுக்கு கலர் பாக்குததுல ஏதும் குறை உண்டா?"

கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டாள். பதில் ஒரு சொல். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"முப்பது வருசம் ஸ்பெக்ட்ரம் எடுத்தவன்ட்ட கேக்க கேள்வியாட்டி இது? உன் பெட்டி சரியில்லன்னா பெட்டியப் பாரு. என் கண்ண நோண்டாத."

"சரிப்பா. தப்பு என்கிட்டதான்" என்றாள்.

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. நம்பிச் சொன்னாள். தான் செய்த பொருள் என்பதால் மாற்றம் தன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது போலிருக்கிறது என்று எண்ணிவிட்டாள். மறுநாள் மதியம் அவளுக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். கதவு ஒருக்களித்திருந்தது. அலுவலகத்தோடு பேசிக்கொண்டிருந்தாள். "எங்கப்பா ஃபிசிக்ஸ் புரொஃபசர். மூணு நாள் பாத்தாங்க. அவங்களுக்கே தெரியல. மத்தவங்களுக்கு எங்க தெரியப்போகுது? நான் வித்ட்ரா பண்ணிக்கிடுதேன்." அந்தப் பக்கம் யாரோ, இன்னும் ரெண்டு பேரிடம் காட்டிப் பார்க்கலாமே என்று சொன்னது அரைகுறையாகக் கேட்டது. "அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

உள்ளே போய் நாலு வார்த்தை சொல்ல எனக்கு ஏழு படி மிச்சமிருந்தது. நான் ஓசை இல்லாமல் இறங்கிவிட்டேன். அந்தத் தேநீரை அடுப்படியில் நின்று நானே குடித்தேன்.

சாரல் காலம் வந்தது. கெடுபிடி கொஞ்சம் தளர்ந்ததும் ஒருநாள் ஸ்கூட்டரில் குற்றாலம் போனோம். மெயின் அருவிக்கு முன்னால் தடுப்பு வைத்திருந்தார்கள். குளிக்க ஆள் இல்லாமல் தண்ணீர் தன்பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. அவ்வளவு தண்ணீரையும் அவ்வளவு வெறிச்சோடிய தரையையும் நான் ஒருசேரப் பார்த்ததில்லை. சாலையோரம் ஒரே ஒரு பெண் ரம்புட்டான் பழங்களைக் குவித்து வைத்திருந்தாள். நான் குனிந்து பொறுக்கினேன்.

"ஐயா, பழுத்தத விட்டுட்டுக் காயாப் பொறுக்குதீயளே. வீட்டுல யாரும் மசக்கையா?" என்றாள் அந்தப் பெண்.

நான் சிரித்து, புளிப்பு இருந்தால்தான் எனக்குப் பிடிக்கும் என்றேன். மகள் என் கையில் இருந்ததைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஒருமுறை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள் மறுபடி கேட்பாளா?

வானவில் பெட்டி தேர்வாயிற்று. அவள் பெங்களூருக்குத் திரும்பியதும் வடிவமைப்பிலிருந்து தானே விலகி, மற்றவர்கள் செய்ததைச் சரிபார்த்து அறிக்கை எழுதும் பிரிவுக்கு மாறினாள். தனக்குக் கண் போதாது என்று தெரிந்துவிட்டதாகக் காரணம் சொன்னாள். பிறகு கல்யாணம், பிறகு வெளிநாடு. அங்கேயும் அறிக்கைதான் எழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் பேசுவோம். மழை பெய்ததா, மாத்திரை போட்டீர்களா, அவ்வளவுதான். பேசி முடித்தபின் வீட்டில் ஃபிரிட்ஜின் சத்தம் கேட்கும்.

சென்ற மாதம் மாடி அறை மின்விசிறியைச் சரிசெய்ய எலெக்ட்ரீசியன் வந்தார். எங்கள் கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சீரியல் செட் போடுகிறவரும் அவர்தான். அலமாரி மேல் மகள் விட்டுப்போன பெட்டியைப் பார்த்துவிட்டார்.

"இது என்ன அண்ணாச்சி, குட்டி ஃபிரிட்ஜா?"

மகள் செய்தது என்றேன். அவரே இறக்கி, தூசி தட்டி, மின்னிணைப்புக் கொடுத்தார். சூடேற்றிக் காட்டுவதற்கு அவள் வைத்திருந்த பொத்தானை அழுத்தினார். வைக்கோல் நிறம் வந்தது. கண்ணாடி கீழே இருக்கிறது, என்ன தெரிகிறது என்று நீங்கள் சொல்லுங்கள் என்றேன். அதுவும் பொய்தான், கண்ணாடி என் சட்டைப்பையில் இருந்தது.

"பச்சையா இருக்கு அண்ணாச்சி. நாத்து இருக்குல்லா, அந்தப் பச்சை." கொஞ்ச நேரம் போயிற்று. "மாறுதே. பச்சை போகுது. கிளிமூக்கு மாங்கா பழுக்கும்லா, அப்படி வருது." அவர் குத்துக்கால் வைத்து உட்கார்ந்துவிட்டார். "இப்ப செவப்பு ஏறுது. யார் பாத்தாலும் கை வைக்கப் பயப்படுவான் அண்ணாச்சி. நான் இருபது வருசமா லைட்டு கட்டுதேன், இந்த மாதிரி பதமா மாறி நான் பாத்ததில்ல. உங்க மக இதக் கடைக்குக் கொண்டாரலியா?"

இல்லை என்று மட்டும் சொன்னேன். அவர் போனபின் பெட்டியை அணைக்காமல் எதிரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்தவர் வாயிலிருந்து கேட்டுத்தான் என் மகளின் வேலையை நான் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அழைத்ததும், மழையைப் பற்றிக் கேட்பதற்குள் சொல்லிவிட்டேன். சிவப்பும் பச்சையும் எனக்குத் தெரியாது, பிறவியிலிருந்தே தெரியாது, அன்றைக்கு நீ கேட்டபோது பொய் சொன்னேன், உன் பெட்டி சரியாக இருந்தது. மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், அதனால் தடங்கலின்றி வந்தது.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"எப்பா, சொல்லியிருந்தீங்கன்னா நீலத்துல இருந்து மஞ்சளுக்கு மாத்தியிருப்பேன். உங்களுக்கும் தெரியும், உங்கள மாதிரி இருக்க எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் வேலை." குரல் தணிந்திருந்தது. "ஒரு நாள் வேலைப்பா."

"தப்புதான்மா."

"அம்மைக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"இன்னைக்கு வேற ஒண்ணும் பேசாண்டாம்" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த புதன்கிழமை ஒரு செய்தி வந்தது. பெட்டியின் பின்தகட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டு அட்டையை மட்டும் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தாள். வயர்களைப் பிடுங்குமுன் எது எந்த முனையில் இருந்தது என்று நிறத்தை எழுதி ஒட்ட வேண்டும். எதற்காக என்று எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை.

எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். பின்தகட்டைத் திறந்ததும், "தம்பி, எனக்கு நிறம் தெரியாது. நீங்க பாத்துச் சொல்லுங்க, நான் எழுதுதேன்" என்றேன்.

அவர் திருப்புளியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "தெரியாதுன்னா?"

"சிவப்பும் பச்சையும் தெரியாது."

"காலேஜ்ல கலர் பாடம்லா எடுத்திய?"

"ஆமா."

"சரிதான்" என்றார். சிரிப்பை அடக்க முடியாமல், "அப்ப நம்ம கொடைக்கு நான் போட்ட லைட்டெல்லாம் நல்லாருக்குன்னு சொன்னது?" என்றார்.

"அதுவும் சும்மாதான்."

அவர் ஒவ்வொரு வயராகச் சொன்னார், நான் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டினேன். பதினான்கு வயர்கள். அட்டையைப் பஞ்சில் சுற்றித் தென்காசிக்குக் கொண்டுபோய்க் கூரியரில் கொடுத்தேன். பொதி போய்ச் சேர்ந்துவிட்டது என்று நேற்று கூரியர்காரர்களிடமிருந்து தகவல் வந்தது. அவளிடமிருந்து இதுவரை எதுவும் வரவில்லை.