ஊசி போட்டாச்சே, மாத்திரை எதுக்கு?

போன வாரம் ஐந்து நாள் என் மகள் என்னோடு பேசவில்லை. தப்பு என்னுடையதுதான்.

ஸ்டெல்லாவுக்குப் பதினெட்டு வயது. முகம் முழுக்கப் பரு. இந்தத் திங்கட்கிழமை வேலூரில் நர்சிங் படிப்புக்கு இன்டர்வியூ. "இந்த மூஞ்ச வெச்சிக்கினு போமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தோல் டாக்டரிடம் காட்டினோம். (தோல் பதனிடும் எங்கள் ஆம்பூரில் இப்படிச் சொன்னால், 'மாட்டுத்தோலுக்கா?' என்று கேட்பார்கள்!) காப்ஸ்யூலும் களிம்பும் கொடுத்து, மூன்று மாதம் விடக் கூடாது என்றார். கூடவே, கொழும்பில் அக்குபஞ்சர் படித்து வந்த வேலூர் டாக்டர் ஒருவரிடமும் வாராவாரம் கூட்டிப்போனேன்.

கன்னத்திலும் கையிலும் முடி மாதிரி மெல்லிய ஊசிகள். "முள்ளம்பன்றி மாதிரி கீறனாப்பா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது!

நம் ஜனங்களுக்கு ஊசிக்கு மேல் மருந்து உண்டா? ஊசி போடாதவரை டாக்டர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டோமே. அன்றைக்கே காப்ஸ்யூலை நிறுத்தினேன். "ஊசி போட்டாச்சே, மாத்திரை எதுக்கு? சூடு ஜாஸ்தி."

"டாக்டரை ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள் மனைவி.

கேட்டேனா?

மூன்றே வாரம். இரண்டு கன்னமும் சீழ் வைத்து வீங்கிவிட்டன.

"காப்ஸ்யூல் சாப்பிடுறாளா?" என்றார் ஊசி டாக்டர்.

"நிறுத்திட்டேன் சார். அதான் நீங்க ஊசி போடுறீங்களே."

"அதுல என்ன மருந்து இருக்குதுன்னு நினைச்சீங்க?"

ஊசி ஒன்றை எடுத்து என் முன்னால் காட்டினார்.

"வெறும் கம்பி சார். காப்ஸ்யூலுக்கு இது ஒரு துணை, அவ்ளோதான். தழும்பு நிக்குமான்னு இப்ப சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலோரம் அவள் தாடையைப் பிடித்து, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். தோல் கம்பெனியில் எனக்கு இருபது வருஷமாக அதுதான் வேலை — தோலை வெளிச்சத்தில் காட்டிப் பழுது பார்த்துத் தரம் பிரிப்பது. கை தானாகப் போய்விட்டது.

தட்டிவிட்டாள். "இன்னாப்பா பாக்குற? ஃபர்ஸ்ட் செலக்‌ஷனா, ரிஜெக்டா?"

அதோடு பேச்சு நின்றது. காப்ஸ்யூலை மட்டும் வேளை தவறாமல் அவளே எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை, கையில் ஃபைலோடு வந்து நின்றாள். "வேலூர் பஸ் எத்தினி மணிக்கு?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி பதில் சொன்னேன்.

"மூஞ்சப் பாத்துச் சொல்லுப்பா."

பார்த்தேன்... வெளிச்சத்துக்குத் திருப்பாமல்.