கிளினிக் நாளில் போடாத குளிசை

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஐந்து, தங்கையின் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஏழு. இப்போது வட்டக்கச்சியில் என் வீட்டில் தனியே இருக்கிறேன். வயலுக்குத் தண்ணீர் வரும் நாளில் வரம்பில் போய் நின்று பார்ப்பதும் நான்தான். மூத்தவன் வவுனியாவுக்கு வரச்சொல்லி ஓயாமல் கேட்கிறான். எங்கேயாவது விழுந்தால் கேட்காமலே ஏற்றிக்கொண்டு போவேன் என்றும் சொல்லியிருந்தான்.

அதனால்தான் கிணற்றடியில் தலைசுற்றி விழுந்ததை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் கேட்டாலும் சுகம் என்பேன். அங்கே அளந்தால் பிரஷர் எப்போதும் கூடத்தான் காட்டும். அதற்குத் தரும் குளிசையும் கூடிக்கொண்டே போனது.

எங்கள் பழைய கிளினிக் கொப்பிகளில் இருந்ததெல்லாம் இப்போது கொம்பியூட்டருக்குள் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு என்று ஒன்று அதை வாசித்து, வயதானவர்களில் யாரை இன்னும் விசாரிக்கவேண்டும் என்று டொக்டருக்குச் சொல்லுமாம். போனமுறை அது என்னைச் சொல்லியிருக்கிறது. வாசிகசாலையில் பின்னேரங்களில் நடக்கும் நடமாடும் கிளினிக்கில் என் பிரஷர் குறைவாம், ஆஸ்பத்திரியில் அளந்தால் மட்டும் கூடுதலாம்.

டொக்டர் என் பேத்தியிலும் கொஞ்சம் மூத்த பெண். கதிரையை என் பக்கம் திருப்பினார்.

"ஏன் எண்டு அதுக்குத் தெரியேல்லை அம்மா, நீங்கள்தான் சொல்லோணும். இண்டைக்குக் குளிசை போட்டனீங்களோ?"

"வெறுவயித்தோட வரச்சொன்னா எப்பிடிப் பிள்ளை போடுறது?"

இரத்தம் எடுக்கும் நாளில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான். சஷ்டி விரதம்போலப் பச்சைத்தண்ணீரும் குடிக்காமல் வருவோம். அவர் சிரிக்கவில்லை. விழுந்தீர்களா என்று கேட்டார். என்னை ஏற்றிப்போக வரும் மூத்தவனின் வான் வண்டி கண்ணுக்குள் வந்தது. இல்லை என்றால் அதே குளிசை. இன்னொருமுறை விழுந்தால் எழும்புவேனோ தெரியாது.

"ஓம். கிணத்தடியில."

குளிசை போடாமல் வந்த நாளில் அளந்து அளந்துதான் கூட்டியிருக்கிறார்கள், மற்ற நாளில் அது அதிகமாகித் தலையைச் சுற்றியிருக்கிறது என்றார். பிரஷர் குளிசையைக் குறைத்தார். கிளினிக் நாளிலும் ஒரு மிடறு தண்ணீரோடு அதைப் போட்டுவிட்டு வரச்சொன்னார்.

"இந்தக் கொம்பியூட்டர் பெட்டி மகனுக்கும் சொல்லுமோ?"

"அது சொல்லாது அம்மா. நீங்கள் சொன்னா நல்லம்."

இப்போது எழும்பும்போது தலை சுற்றுவதில்லை. லீவுக்கு வந்திருக்கும் மூத்தவனின் மகள்தான் நான் சொல்லச்சொல்ல இதை எழுதுகிறாள். கிணற்றடி வந்ததும் பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். எழுது என்றேன். அவனும் வாசிக்கட்டும், வாசித்துவிட்டு வந்து, நான் இந்த முற்றத்தில் நடப்பதையும் பார்க்கட்டும்.

எங்கே பிள்ளை, ஒருக்கா வாசிச்சுக் காட்டு. நான் விழுந்த இடத்தையும் விடாம வாசி.