பூஜையில் வைத்த சவப்பெட்டி

எங்கள் வீட்டில் படக்கதைகளுக்கு மட்டும் தனியாக ஒரு வருடப் பிறப்பு உண்டு. அது தையிலும் வராது, சித்திரையிலும் வராது. சரஸ்வதி பூஜையன்று வரும். அந்த ஏற்பாட்டைச் செய்தவர் என் சித்தப்பா. அப்பாவின் தம்பி. சங்கரன்கோவிலில் எங்கள் தெருமுனையிலேயே மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். சுற்றுவட்டாரக் கிணறுகளில் காயில் எரிந்துபோன மோட்டார்களெல்லாம் அவர் கடை வாசலில் வரிசையாகக் கிடக்கும். மாதம் ஒரு முறை கூரியரில் ஒரு கட்டு வரும். அதைப் பிரிக்கிற அன்றைக்கு எந்த ஊர் விவசாயி வந்து சத்தம் போட்டாலும் மோட்டார் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

வருடம் முழுக்க வந்த படக்கதைகளில் எது உசத்தி என்று நானும் அவரும் புரட்டாசி பிறந்ததுமே வழக்காட ஆரம்பித்துவிடுவோம். எனக்குப் பத்து வயது. அவருக்கு முப்பத்து மூன்று. ஜெயித்த புத்தகத்துக்குப் பரிசு, என் பாடப் புத்தகங்களோடு சேர்ந்து பூஜையில் உட்காருவது. நான் எதைச் சொன்னாலும் அவருக்குப் பிடிக்காது. “ஒனக்கு நாய்க்குட்டி வந்தா போதும்டி” என்பார். கடைசியில் அவர் வைத்ததுதான் சட்டம்.

அந்த வருடம் அவர் தேர்ந்தெடுத்தது ‘எட்டாவது சவப்பெட்டி’ என்ற கதை. அட்டையில் மணல்காட்டின் நடுவே ஒரு சவப்பெட்டி. பாதி திறந்த மூடிக்குள்ளிருந்து ஒரு கை துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கை யாருடையது என்பது கடைசிப் பக்கத்தில்தான் தெரியும். எனக்கு அதைப் பார்த்தாலே பயம். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். அம்மா அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, சித்தப்பா அதை என் கணக்குப் புத்தகத்தின் மேல் வைத்து, சவப்பெட்டியின் நான்கு மூலைக்கும் சந்தனம் குங்குமம் இட்டுவிட்டார். அம்மா வந்து பார்ப்பதற்குள் அப்பா மணியடித்துத் தீபாராதனை காட்டி முடித்திருந்தார்.

பூஜை முடிந்த கொஞ்ச நேரத்தில் புளியங்குடியிலிருந்து போன் வந்தது. சித்தப்பாவுக்குப் பார்த்திருந்த பெண்ணின் வீட்டார். அடுத்த மாதம் எங்கள் வீடு பார்க்க வருவதாக இருந்தவர்கள். நல்ல நாளாக இருக்கிறதே என்று எங்கள் ஊர்க் கோவிலுக்குக் கிளம்பியிருக்கிறார்களாம், சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே வீட்டுக்கும் வந்துவிடுகிறார்களாம்.

போனை வைத்த அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. காரணம் இருந்தது. அதற்கு முன்னால் இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. இரண்டாவது இடத்துக்காரர் யாரிடமும் சொல்லாமல் கடைக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். சித்தப்பா எரிந்த மோட்டார் ஒன்றின் மேல் உட்கார்ந்து படக்கதை படித்துக்கொண்டிருந்திருக்கிறார். ‘மாப்பிள்ளை இன்னும் விளையாட்டுப் பிள்ளையா இருக்காரு’ என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வார்த்தை எங்கள் வீட்டில் பல நாள் சோற்றோடு சோறாகக் கிடந்தது. இதுவும் போனால் அவ்வளவுதான் என்று அம்மா அக்கம்பக்கத்தில் பேசுவதை நான் கேட்டிருந்தேன். அவ்வளவுதான் என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அதனாலேயே பயம் அதிகமாக இருந்தது.

சித்தப்பாவின் அறையிலிருந்த படக்கதைகளை அம்மா அள்ளிக்கொண்டு வந்து வாஷிங் மெஷினுக்குள் திணித்து மூடினாள். எல்லாம் உள்ளே போயிற்று. பூஜையில் இருந்தது மட்டும் பாக்கி.

“அத எடுத்துரு தம்பி” என்றாள்.

“சாமிக்கு வச்சத எப்படி மதினி எடுக்க? நாளைக்குப் பூச பண்ணித்தான எடுக்கணும்?”

“ஏலே, பொண்ணு குடுக்க வாரவங்களுக்கு நடுவீட்டுல சவப்பெட்டியக் காட்டப் போறியா?” என்று அப்பா கத்தினார். ஆனால் அவரும் அதில் கைவைக்கவில்லை. பூஜை அடுக்கை அன்றைக்கே கலைத்தால் பிள்ளைக்குப் படிப்பு வராது என்பதில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. எடுத்தால் என் படிப்பு போகும், எடுக்காவிட்டால் சித்தப்பாவின் கல்யாணம் போகும். மூன்று பெரியவர்களும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் ஏதோ செய்துவிட்டதுபோல எனக்குக் கண் கலங்கியது.

கடைசியில் அம்மா ஒரு பட்டுத் துண்டை எடுத்து அடுக்கின் மேல் போர்த்தினாள். “ஏட்டி, நீ இங்கனயே உக்காரு. யாரு வந்தாலும் எந்திரிக்கக் கூடாது” என்று என்னை அதற்கு முன்னால் உட்கார்த்திவிட்டுப் போனாள்.

சாயங்காலம் காரில் ஐந்து பேர் வந்து இறங்கினார்கள். அதில் இரண்டு பேரைத்தான் எனக்கு நினைவிருக்கிறது. ஒருவர் பெண்ணின் பெரியம்மா, மற்றவர் பெண்ணின் அண்ணன். காபி வந்தது, சுண்டல் வந்தது, மழை இல்லாதது பற்றியும் எலுமிச்சை விலை பற்றியும் பேச்சு நடந்தது. எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. மின்விசிறிக் காற்றில் துண்டின் ஓரம் எழுந்து எழுந்து அடங்கியது. நான் முழங்காலால் அதை அமுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றுக்கு வேறு முட்டிக்கொண்டு வந்தது.

பெரியம்மா திடீரென்று எழுந்து என்னிடம் வந்தார். கையில் கோவிலில் பிரசாதமாகக் கொடுக்கும் புற்றுமண் பொட்டலம்.

“பாப்பா பொஸ்தகமா? நல்லாப் படி தாயி. இந்தப் புத்துமண்ண அதுலயும் கொஞ்சம் வைப்போம்.”

சாமி மண்ணை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நான் வாயைத் திறப்பதற்குள் துண்டு அவர் கையில் இருந்தது.

சந்தனமும் குங்குமமும் துலங்க, சவப்பெட்டிக்குள்ளிருந்து நீண்ட துப்பாக்கி பெரியம்மாவைக் குறிபார்த்தது. அண்ணன்காரர் எட்டிப் பார்த்து, “இது புதுசா வந்ததுல்லா?” என்றார். பெரியம்மா திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் முகம் சிவந்துபோய்க் காபி டம்ளருக்குள் குனிந்துகொண்டார். கோபம் வந்துவிட்டது, எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

“அது எங்க அண்ணன் மகளோடது” என்றார் சித்தப்பா. குரல் அவருடையது மாதிரியே இல்லை. “சின்னப் பிள்ளைல்லா, சொன்னா கேக்காது. நான் இதெல்லாம் தொடுததே இல்ல.”

“எங்க வீட்டுல பெரியவங்க யாரும் இத ஏறெடுத்தும் பாக்க மாட்டாங்க” என்று அம்மாவும் சேர்ந்துகொண்டாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “ஆமா, என்னோடதுதான்” என்றேன். பெரியம்மா சிரித்துவிட்டார். “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு தாயி துப்பாக்கியும் பொட்டியும்?” என்று என் நெற்றியில் மண்ணை வைத்துவிட்டு, அதே விரலால் சவப்பெட்டிக்கும் ஒரு பொட்டு வைத்தார். பிறகு கை கழுவப் பின்கட்டுக்குப் போய், வாஷிங் மெஷின் மேல் சாய்ந்தபடி அம்மாவோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். அது முடிகிறவரை அம்மாவுக்கு உயிர் உயிராக இல்லை.

தை மாதம் கல்யாணம் நடந்தது. சொன்ன சொல் சொன்னதாக இருக்க வேண்டுமே என்று, படக்கதைகள் எல்லாம் என் அலமாரிக்கு இடம் மாறின. கூரியரும் என் பெயருக்கு வர ஆரம்பித்தது. ஊரிலேயே பெரிய பணக்காரி நான்தான் என்று எனக்கு நினைப்பு. சித்தப்பா கடைக்குப் போகும்போது என் அறை வாசலில் வந்து நிற்பார். “இந்த மாசத்தத படிச்சிட்டியா? ஒரு நாளைக்குத் தாயேன். சித்திக்குத் தெரியாண்டாம்” என்பார். நான் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுக் கொடுப்பேன். அவர் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போவார்.

கல்யாணமாகிக் கொஞ்ச நாளில், மத்தியானம் வீட்டில் எல்லாரும் தூங்குகிற நேரத்தில், சித்தி வந்து என் அலமாரி முன்னால் நின்றாள். நான் நாய்க்குட்டி வருகிற கதையை எடுத்து நீட்டினேன். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், சந்தனக் கறை படிந்த ‘எட்டாவது சவப்பெட்டி’யை நேராக உருவினாள். “இதுக்குத்தான் எங்க அண்ணன்கூடச் சண்ட போட்டேன். பாதி படிக்கதுக்குள்ள பெரியம்மா எடுத்து ஒளிச்சு வச்சிட்டாங்க” என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு ஒரே மூச்சில் படித்து முடித்தாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒங்க சித்தப்பாட்ட சொல்லிராத என்னா? அவுகளுக்கு இதெல்லாம் பிடிக்காதாம்ல” என்றாள்.

அதற்கப்புறம் எனக்கு நிம்மதியே இல்லை. இரண்டு பேருக்கும் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தேன். சித்தப்பா நிறுத்திய பக்கத்தின் மூலையை மடித்து வைப்பார். சித்தி தலையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து அடையாளத்துக்குச் செருகி வைப்பாள். அவரிடம் கொடுக்கும்முன் ஊசியை எடுத்துவிடுவேன். அவளிடம் கொடுக்கும்முன் மடித்த மூலையை நகத்தால் நீவி நேராக்குவேன். ஒரு ஊசி தவறினாலும் இந்தக் கல்யாணம் கலைந்துவிடும் என்று நான் உறுதியாக நம்பினேன். பள்ளிக்கூடத்தில் பாதிப் பாடத்தில், எடுத்தோமா இல்லையா என்று திக்கென்றிருக்கும். வாய்ப்பாடு மறந்து டீச்சரிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

அடுத்த சரஸ்வதி பூஜை வந்தது. புத்தகம் என்னுடையது என்பதால் தேர்ந்தெடுக்கும் அதிகாரமும் என்னிடம் வந்திருந்தது. காலையில் சித்தப்பா கடைக்குப் போகிற சாக்கில் வந்து, எதை வைத்தால் நன்றாக இருக்கும் என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த சித்தியும் என்னைக் கூப்பிட்டு, காதோடு ஒரு பெயரைச் சொன்னாள். இரண்டும் ஒரே புத்தகம். யார் மனமும் கோணாமல் தப்பித்தோம் என்று எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மடிப்பு தெரிகிறதா, ஊசி இருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதை அடுக்கின் உச்சியில் வைத்தேன். தீபாராதனையின்போது இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒருவரை ஒருவர் பாராமல், அந்த அட்டையையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு ரகசியத்தையும் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில் நான் அன்றைக்கு இரண்டு கிண்ணம் சுண்டல் தின்றேன்.