மார்த்தா கேட்ட பெயர்கள்

மார்த்தா வீராசாமி இறந்த செய்தி அலுவலக வாய்ஸ்மெயிலில் எனக்காகக் காத்திருந்தது. எங்கள் பிரிவில் லே-ஆஃப் வரும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த வாரம் அது. மேலதிகாரியாக இருக்குமோ என்ற நடுக்கத்தோடு பொத்தானை அழுத்தினேன். மார்த்தாவின் மகள் பேசியிருந்தாள். அதன்பின் வேலை பற்றிய கவலை நினைவில்லை.

பிஸ்கட்டவே நகரத்து மருந்து ஆய்வகத்தில் நான் சேர்ந்த முதல் நாள், 'வீராசாமி' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து ஒரு தமிழரை எதிர்பார்த்தேன். வந்தவர் கறுப்பினப் பெண். "ஏமாற்றமா?" என்று சிரித்தார். கரீபியக் கடலில் பிரெஞ்சுக்காரர்களின் குவாதலூப் தீவு அவர் ஊர். அப்பா வழி, காரைக்காலிலிருந்து கப்பலேறிய கூலிகள். அம்மா வழி, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். "அடிமைகளுக்கு விடுதலை கிடைத்ததும், குறைந்த கூலிக்குக் கரும்பு வெட்ட உங்கள் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் வெறுத்தார்கள். தோட்ட முதலாளி நிம்மதியாக இருந்தார்" என்பார்.

நம் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் பேச அவரை அழைத்தது நான்தான். உங்களில் பலர் அன்று அந்தப் பள்ளி அரங்கில் இருந்தீர்கள். முந்தின நாள் சங்கத் தலைவர் போன் செய்தார். "ஏங்க, பொங்கல் அன்னிக்கு ஸ்லேவரி பத்தியெல்லாம் வேணுமா? எல்லாரும் ஃபேமிலியோட வர்றாங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லுங்க." மார்த்தாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேடையேறி, "காரைக்கால் தமிழர் வழி வந்தவர்" என்று மட்டும் அறிமுகம் செய்தேன்.

அவர் மைக்கைப் பிடித்தார். "என் தோழி பாதியைத்தான் சொன்னாள். அப்பாவின் தாத்தாவுக்குக் கப்பல் பட்டியலில் ஊர் இருக்கிறது, தகப்பன் பெயர் இருக்கிறது. அம்மாவின் பாட்டிக்கு முதலாளி வைத்த ஒற்றைப் பெயர்தான். ஆடுமாடுகளோடு சேர்த்து எழுதிய பட்டியலில்." யார் எழுந்து போவார்களோ என்று நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் போகவில்லை. யாரும் கேள்வியும் கேட்கவில்லை.

காரில் மன்னிப்புக் கேட்டேன். "நீ பயந்துவிட்டாய். எங்கள் தீவிலும் இப்படித்தான். குடும்பத்தில் நிறம் வெளுத்தவரைச் சொல்வோம், மற்றவரை விட்டுவிடுவோம். தோட்டம் மூடிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை" என்றார். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்: "ஈரோட்டில் உங்கள் நிலத்தில் வேலை செய்தவர்கள் யார்?"

எங்கள் மாடுகளின் பெயர்கள் உடனே வந்தன. மனிதர்களின் பெயர்கள் வரவில்லை.

அதை அப்பாவிடம் கேட்கவே எனக்கு நாலு வருடம் ஆயிற்று. மார்த்தா மருத்துவமனையில் சேர்ந்த பிறகுதான் போன் செய்தேன். "எதுக்கு கண்ணு இப்ப அதெல்லாம்?" என்றார். வெகுநேரம் யோசித்து, "கருப்பன்... அவம் பொண்டாட்டி ராக்கி" என்றார். அந்தப் பெயர்களை எழுதிய துண்டுச்சீட்டோடு மார்த்தாவின் படுக்கையருகே நின்றேன். அவர் இரண்டு பெயரையும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"இவர்களுடைய அப்பாக்களின் பெயர்?"

எனக்குத் தெரியவில்லை. அப்பாவை மறுபடி கேட்கத் தைரியம் வருவதற்குள் மார்த்தா போய்விட்டார்.

அவர் என்னிடம் விட்டுச்சென்றது ஆறுதல் அல்ல, இந்தப் பதற்றம். ஞாயிறு காலை அப்பாவுக்குப் போன் செய்யப்போகிறேன்.